மேல் வரியில் யார் பெயர்

அத்தியாயம் 17

கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த 'மட்டும்' இரண்டு நாளாகச் சின்னவளின் தொண்டையில் நிற்கிறது.

இன்று காலை பத்து மணிக்குப் பெரியவளுக்கு வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. பதினான்கு வருடம் ஓயாமல் தட்டச்சு செய்த கை. பகலில் துறைமுக அலுவலகத்தில் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுவாள். வீட்டுக்கு வந்தால் யாரும் சம்பளம் தராத இன்னொரு வேலை காத்திருக்கும்.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஓர் இயங்குதளம் அது. அதில் ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தன்னார்வலர் காவல். எழுதியவர் புதுப் பதிப்பு வெளியிட்டால் அதை வாங்கி, சோதித்து, மற்றவற்றோடு முட்டாமல் பொருத்தி, ஏற்ற வேண்டும். பெரியவளின் தலையில் அப்படி நாற்பத்து மூன்று. அதில் ஒன்று, எந்தத் துறைமுகத்தில் எப்போது கடல் ஏறும், இறங்கும் என்று கணிக்கும் அலை நிரல்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில், எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறேன் என்றாள். சொல்லிவிட்டுத் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. ஆறு நாளாகச் சின்னவளுக்கு அது ஆறவில்லை.

எட்டரைக்குப் போன் வந்தது.

"மெயில் பார்த்தியா?" என்றாள் பெரியவள்.

"வந்துது."

"அலை நிரலோட ஆறாவது வெர்ஷன். எல்லாம் தம்பி பொண்டாட்டி செஞ்சு வச்சிருக்கா. நீ ஒரு தடவை பார்த்து, சரின்னா கையெழுத்து போட்டு ஏத்திடு. அவளுக்கு ஏத்தற உரிமை இன்னும் வரலை."

"தெரியும்."

"சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த வெளியீட்டுக்கான பட்டியலைப் பூட்டிடுவாங்க. அப்புறம் ரெண்டு வருஷத்துக்குத் தலைகீழா நின்னாலும் உள்ளே விட மாட்டாங்க. பழைய பதிப்புல பிழை இருக்கு, அதைத் தூக்கிடுவாங்க. மத்தது எது போனாலும் போகட்டும். இது போகக் கூடாது."

"நானே செஞ்சிருப்பேனே அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மறுமுனையில் கட்டில் சக்கரம் உருண்டது.

"நீ வேகமா செய்வே," என்றாள் பெரியவள்.

பாராட்டா, வேறு ஏதாவதா என்று கேட்பதற்குள் போன் தம்பி கைக்கு மாறிவிட்டது.

"அக்கா, நர்ஸ் முறைக்கிறாங்க. வைக்கட்டுமா?"

"நீ மட்டும்தான் இருக்கியா அங்க?"

"அவ வந்து விட்டுட்டுக் கடை வேலைக்குப் போயிட்டா. துணி, மாத்திரை, பழைய ரிப்போர்ட்டு எல்லாம் அவதான் எடுத்து வச்சா. பெரியக்காவோட டூத் பிரஷ் வரைக்கும்."

"நான் கேட்டேனா அதை?"

"கேக்கலை. சும்மா சொன்னேன். சொன்னது தப்பா?"

சின்னவள் போனை வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகத்தான் அலுவலகத்தில் விடுப்பு போட்டிருந்தாள். நீ வர வேண்டாம், கம்ப்யூட்டர்கிட்டயே இரு என்று அக்கா சொல்லிவிட்டாள். விடுப்பு வீட்டில் உட்கார்ந்திருந்தது, அவளோடு.

கணினியில் மின் கையெழுத்திட்டுத் தொகுப்புகளை ஏற்றும் உரிமை சின்னவளுக்குக் கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு ஒன்றரை வருடம் படித்தாள். கேள்விகளுக்குப் பதில் எழுதினாள். முன்பின் தெரியாத மூன்று பேர் அவளுக்காகச் சாட்சி சொன்னார்கள். எல்லாம் அக்காவின் சுமையில் பாதியை வாங்கிக்கொள்ளத்தான். உரிமை வந்த அன்று அக்கா தட்டிக்கொடுத்தாள். தொகுப்பு ஒன்றும் கொடுக்கவில்லை. சின்னவள் தானாகத் தேடி எடுத்துக்கொண்ட ஆறும் யாரும் சீந்தாதவை. அதில் ஒன்றை உலகத்தில் பதினோரு பேர் பயன்படுத்துகிறார்கள்.

தம்பி மனைவி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. சட்டத்துக்குத் தகுந்தபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவாள். கண்ணாடிக்காரி என்று சின்னவள் மனதுக்குள் பெயர் வைத்திருக்கிறாள். வெளியே சொன்னதில்லை.

"இது என்ன பெரியண்ணி, தினமும் எதையோ தட்டிட்டு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டவள்தான். முதலில் குறிப்புகளில் எழுத்துப் பிழை திருத்தினாள். பிறகு சிறு பழுதுகளைப் பார்த்தாள். இப்போது பெரியவளின் மேசைக்குப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. போன மாதம் சின்னவள் அதில் உட்கார்ந்து பார்த்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. உயரம் வேறு யாருக்கோ வைத்திருந்தது.

பதினோரு மணிக்குத் தம்பி மனைவியின் மெயிலைத் திறந்தாள்.

'அன்புள்ள சின்ன அண்ணிக்கு, உங்கள் கையால் இது ஏறப்போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று' என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்க அவளால் முடியவில்லை. இணைப்பை மட்டும் இறக்கிக்கொண்டு மெயிலை மூடினாள்.

தலையில் பேன் பார்ப்பது போல வரி வரியாகப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை.

அலை நிரலை நம்பி இன்னும் பதினேழு தொகுப்புகள் இருக்கின்றன. பதினேழையும் தனித்தனியாகக் கட்டி, ஓடவிட்டுப் பார்த்து, எதில் என்ன எச்சரிக்கை வந்தது என்று தம்பி மனைவி அட்டவணை போட்டிருந்தாள். சின்னவள் ஐந்தோடு நிறுத்தியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் எரிச்சல் கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலே மாற்றப் பதிவேடு. தொகுப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தலைமுறை வரிசை போல நீளும் பட்டியல். கீழே பதினான்கு வருடமும் அக்காவின் பெயர். மேல் வரியில், இன்றைய தேதியில், தம்பி மனைவியின் பெயர். கையெழுத்துப் போட்டு ஏற்றுபவரின் பெயர் அதில் வராது. தேடிப் போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். யார் தேடிப் போகிறார்கள்?

ஒரு மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"முடிஞ்சுதுக்கா. நல்லா இருக்காங்க. கட்டு மட்டும் பாக்ஸிங் க்ளவுஸ் மாதிரி இருக்கு."

"பேசினாளா?"

"லேசா மயக்கம். கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா? அவ கடையில ஏதாவது சாப்பிட்டாளான்னு. கை போயிடுச்சோன்னு நான் இங்க பயந்துட்டு இருக்கேன், இவங்களுக்கு அவ சாப்பாடு."

அவன் சிரித்தான். சின்னவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"என்னைக் கேட்டாளா?"

"உன்னையா?" தம்பி யோசித்தான். யோசிக்காமல் பொய் சொல்லியிருக்கலாம். "ஏத்தியாச்சான்னு கேட்டாங்க."

மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண் வேறு மாதிரி வேலை செய்தது.

இரண்டே காலுக்கு அது கிடைத்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் அக்கா அலை நிரலில் ஒரு ஒட்டு போட்டிருந்தாள். எழுதியவர் விட்ட பிழையைப் பொறுப்பாளரே சரிசெய்து மேலே ஒட்டி வைப்பது அது. சில ஊர்களில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். நிரலுக்கு அது தெரியாது. அக்காவின் ஒட்டு அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்க்கும். அக்கா சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுதாக விளக்கிய ஒரே வேலை இது. அன்று மழை. மின்சாரம் வேறு போய்ப் போய் வந்தது. சின்னவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒட்டைக் காணோம்.

பதிவேட்டில் ஒரே வரி: 'கடிகார ஒட்டு நீக்கப்பட்டது. இனித் தேவையில்லை.'

தேவையில்லை என்று சொல்ல இவள் யார்?

ஒட்டு எந்தக் கோப்பில் ஒட்டுமோ அந்தக் கோப்பைத் திறந்தாள். புதுப் பதிப்பிலும் அந்த இடம் அப்படியே இருந்தது. எழுதியவர் எதையும் சரிசெய்யவில்லை. பழைய ஒட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். சிராய்ப்புகூட இல்லாமல் உட்கார்ந்தது.

போனைக் கையில் எடுத்தாள். தம்பி மனைவியின் எண் வரைக்கும் போனாள். கேட்டால் ஏதாவது பதில் வரும். பதில் வந்தால், கண்டுபிடித்த பிழை கைநழுவிப் போய்விடும். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சோதனைகளை ஓடவிட்டாள். நாற்பதும் தேறின.

அவள் அனுப்பியதை அப்படியே ஏற்றினால்தானே அவள் பெயர்? இப்போது இது அப்படியே இல்லை. திருத்தப்பட்டது. திருத்தியவர் பெயர்தான் மேலே வர வேண்டும். நியாயமாகத்தான் இருந்தது. சத்தமாக ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். நியாயமாகவே இருந்தது.

மேல் வரியில் தன் பெயரைப் போட்டாள். 'தவறுதலாக விடப்பட்ட கடிகார ஒட்டு திரும்பச் சேர்க்கப்பட்டது' என்று எழுதினாள். கடைசியில், ஆரம்ப வேலைக்காகத் தம்பி மனைவிக்கு ஒரு நன்றி. நன்றி சொல்லும் இடத்தில் இருப்பது இவ்வளவு சுகம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மூன்று நாற்பதுக்குக் கையெழுத்திட்டு ஏற்றினாள்.

ஏற்றியவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் உள்ளே போகும். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கதவு திறக்கும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று மெயில் வந்தது. அது பெரியவளுக்கும் போகும். தம்பி மனைவிக்கும் போகும்.

எழுந்துபோய் முகம் கழுவினாள். துவாலையை மடித்துப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இவளாகவே தலையசைத்தாள். நான்கு மாதமாக அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

நாலரைக்குத் தம்பி மனைவி கூப்பிட்டாள். பின்னால் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் இரைந்தது.

"அண்ணி, மெயில் பார்த்தேன். ஏறிடுச்சு."

"ம். மேல என் பேர் இருக்கேன்னு பார்க்கறியா? மாத்தினதால போட்டேன். அதுதான் முறை."

"அய்யோ, அதுக்குக் கூப்பிடலை அண்ணி. யார் பேர் இருந்தா என்ன? அந்த ஒரு மணி நேர பேட்சைத் திரும்ப வச்சிருக்கீங்களே."

"நீ விட்டுட்டே. நான் பார்த்தேன்."

"விடலை அண்ணி. எடுத்தேன்." இயந்திரம் நின்றது. அவள் குரல் தணிந்தது. "எழுதினவரே இந்தத் தடவை அதைச் சரி பண்ணிட்டாரு. ஆனா அதே கோப்புல இல்ல. ஊரோட நேரத்தை முதல்ல வாங்கற இடம் இருக்கில்ல, அங்கேயே சேர்த்துட்டாரு. அதனாலதான் நம்ம பேட்ச் எதுலயும் இடிக்காம உட்காருது. இப்போ ரெண்டு தடவை கூட்டும்."

"டெஸ்ட் எல்லாம் பாஸ்."

"டெஸ்ட்ல இருக்கறது கடிகாரத்தை மாத்தாத ஊருங்க. எனக்கும் முதல்ல பாஸ்தான் ஆச்சு. ஒரு நாள் பூரா ஏமாந்தேன்." சற்று நிறுத்தினாள். "ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறவருக்கு அதே பவர்ல இன்னொண்ணை மேலே மாட்டிவிட்ட மாதிரி அண்ணி. ரெண்டும் நல்ல கண்ணாடிதான். ஆனா அவரு படிக்கட்டுல விழுவாரு."

சின்னவளின் காது சுட்டது.

"இதையெல்லாம் எழுதி அனுப்ப மாட்டியா?"

"மெயில்ல மூணாவது பத்தி அண்ணி."

சின்னவள் மெயிலைத் திறந்தாள். மூன்றாவது பத்தி இருந்தது. எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த ஊரை வைத்துச் சோதித்தாள் என்பது வரை இருந்தது.

கடிகாரம் மாற்றும் ஓர் ஊரின் துறைமுகத்தைப் போட்டு நிரலை ஓடவிட்டாள். இன்று கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம், அந்தத் துறைமுகம் வெளியிட்ட அட்டவணையைவிட ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. இதை நம்பிப் படகை எடுப்பவன் சேற்றில் நிற்பான். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டால் இரண்டு வருடம் அப்படியே நிற்பான். கீழே அக்காவின் பெயர் இருக்கும்.

"எத்தனை மணி இப்போ?"

"நாலு நாப்பத்தஞ்சு. அஞ்சு ஐம்பத்திரண்டுதான் கடைசிக் கதவு. நிறைய நேரம் இருக்கு அண்ணி. நான் இங்க ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிட்டேன். போனை வைக்காதீங்க."

எப்போது சொன்னாள் பர்மிஷன்? கூப்பிடுவதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

ஒட்டை எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் ஏறிய பதிப்பின் எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. அந்த எண் போனது போனதுதான். அடுத்த எண் போட்டு, முதலிலிருந்து கட்டி, சோதித்து, ஏற்ற வேண்டும். கட்டுவதற்கே இருபத்தைந்து நிமிடம்.

"ரெண்டு ஊரையாவது துறைமுக அட்டவணையோட ஒப்பிட்டுப் பாருங்க அண்ணி. ஒண்ணு மட்டும் பார்த்தா போதாது."

"தெரியும்."

"பனிக்காலத்துத் தேதி ஒண்ணும் போடுங்க. அப்போ ஒரு மணி நேரம் கூடவே கூடாது."

அது தெரியாது. போட்டாள். சரியாக வந்தது.

கணினி முனகிக்கொண்டிருந்தது. கடைக்குள் யாரோ கண்ணாடி தயாரா என்று கேட்பதும், நாளைக்கு வாங்க என்று இன்னொருவர் சொல்வதும் கேட்டது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இதை என் பேர்ல போட்டு ஏத்திடுங்க. நான் அனுப்பினதுல குழப்பம் இருந்துது, இப்போ சரி பண்ணியாச்சுன்னு ஒரு வரி எழுதிட்டா போதும். பெரியண்ணி இன்னைக்கு இருக்கிற நிலைமையில உங்க மேல வருத்தப்பட வேண்டாம். என்னை ரெண்டு திட்டு திட்டுவாங்க. அதோட மறந்துடுவாங்க."

சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"உன்னைத் திட்டுவாளா?"

"வாரத்துக்கு ஒரு தடவையாவது. எருமைன்னு சொல்லுவாங்க. போன வாரம் பேப்பரைத் தூக்கி மேலேயே போட்டாங்க." அவள் சிரித்தாள். "ஏன், உங்களைத் திட்ட மாட்டாங்களா?"

நான்கு வருடத்தில் அக்கா அவளை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. அவள் என்ன செய்தாலும், நல்லா இருக்கு என்பாள். விருந்தாளி கொண்டுவந்த பழத்தை வாங்கி வைப்பது போல.

முகம் கழுவியது எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் துடைத்துக்கொண்டாள்.

தப்பைச் செய்தவள் சின்னவள். பழியைத் தம்பி மனைவி எடுத்துக்கொள்வாள். நாளைக்கு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எருமை என்று திட்டு வாங்குவாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். சின்னவள் அந்தப் பழம் மாதிரி ஓரமாக இருப்பாள். இதையுமா தம்பி மனைவிக்குக் கொடுப்பது?

"வேண்டாம்," என்றாள்.

"அண்ணி, எனக்கு ஒண்ணும்..."

"வேண்டாம்னா வேண்டாம். இது என்னோடது. நீ போய்க் கண்ணாடியைத் தேய்."

"கட்டி முடிஞ்சுதான்னு பார்த்துட்டு..."

"முடிஞ்சிடும். வை."

வைத்துவிட்டாள்.

பதிவேட்டில் ஒருமுறை ஏறிய வரியை யாராலும் அழிக்க முடியாது. தெரிந்துதான் எழுதினாள்.

'முந்தைய பதிப்பில் கடிகார ஒட்டைத் திரும்பச் சேர்த்தது என் தவறு. அதை நீக்கியவர் சரியாகவே செய்திருந்தார். காரணத்தை எழுதியும் இருந்தார். நான் படிக்கவில்லை.'

படித்துப் பார்த்தாள். 'படிக்கவில்லை' என்பதை எடுத்துவிடலாமா என்று விரல் ஒரு கணம் நின்றது. விட்டுவிட்டாள். மேல் வரியில் தன் பெயரைப் போட்டாள். காலையிலிருந்து அவள் ஆசைப்பட்ட இடம்தான். இப்போது அங்கே யாரும் போட்டிக்கு இல்லை.

ஐந்து முப்பத்தெட்டுக்குக் கையெழுத்திட்டு ஏற்றினாள். ஐந்து ஐம்பத்திரண்டு வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. ஐம்பத்து மூன்றுக்கு மெயில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆறு மணிக்குப் பூட்டினார்கள்.

ஆறரைக்குத் திரையில் பெரியவளின் செய்தி வந்தது. இடது கையால் அடித்திருப்பாள். மூன்று துண்டாக வந்தது.

'ரெண்டையும் படிச்சேன்.'

'நாளைக்குக் காலைல வா.'

'தனியா வா.'

சின்னவள் மூன்றாவதைத்தான் முதலில் படித்தாள். உள்ளே ஏதோ இளகியது. அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. திட்டப் போகிறாள். நன்றாகத் திட்டட்டும். பிறகுதான் முதல் செய்தியைப் படித்தாள். மறுபடி படித்தாள். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டியிருக்கலாமே. வேறு எதற்குக் கூப்பிடுகிறாள்?

போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி." பின்னால் இயந்திரம் இல்லை. தெருச் சத்தம் இருந்தது. நடந்துகொண்டே பேசுகிறாள் போல. "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்னு பெரியண்ணி சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டேன். பதில் இல்லை. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"அதெல்லாம் இருக்காது. களைப்பா இருக்கும்."

"ஆமா, களைப்புதான்." கொஞ்ச தூரம் நடந்தாள். மூச்சு கேட்டது. "உங்களை வரச் சொன்னாங்களா அண்ணி?"

சாதாரணமாகக் கேட்கப் பார்த்தாள். முடியவில்லை. குரலின் அடியில் ஒன்று நெருடியது. அது என்னவென்று சின்னவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேசைமேல் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. 'தனியா வா' என்ற இரண்டு சொற்களும் கண் முன்னால் இருந்தன.

"இல்லையே," என்றாள் சின்னவள்.